உலக்கை என்று சொன்னோம்

எங்கள் மலையில் எந்த ஆணும் உலக்கை பிடித்து நான் பார்த்ததில்லை. ஏர் ஓட்டுவார்கள், புளிய மரம் ஏறுவார்கள், தேனுக்காகப் பாறை விளிம்பில் கயிறு கட்டித் தொங்குவார்கள். சாமை மூட்டை வீட்டு வாசலில் இறங்கியதோடு அவர்கள் பொறுப்பு தீர்ந்தது. அதைச் சோறாக்குவது எங்கள் பாடு. சாமைக்கு உமி லேசில் விடாது. குத்திப் புடைத்து, மறுபடி குத்தி மறுபடி புடைத்து, ஒருவேளைச் சோற்றுக்கு அரிசி தேறுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். நான் மலைப் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தேன். படிப்பின்மேல் ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். முக்கால்வாசி, உலக்கையிடமிருந்து தப்பிக்கிற ஆசைதான்.

தப்பிக்க முடியவில்லை. கல்யாணமாகிப் போன வீட்டிலும் ஓர் உலக்கை சுவரில் சாய்ந்து எனக்காகக் காத்திருந்தது.

இதற்கிடையில் பட்டணத்து ஜனங்களுக்குச் சாமைமேல் திடீரென்று மோகம் பிறந்தது. சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சந்தவாசல் பக்கமிருந்து தரகர் ஏறி வந்து எங்கள் சாமையை உமியோடு அள்ளிக்கொண்டு போவார். அதே சாமை உமி நீங்கி, பளபளவென்று பாக்கெட்டில் அடைந்து, எங்களாலேயே வாங்க முடியாத விலையில் கீழே கடைகளில் உட்கார்ந்திருக்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு மிசின். அந்த மிசின் நம்மிடம் இருந்தால் என்ன என்று முதலில் கேட்டது எங்கள் மகளிர் குழுவின் தலைவி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் அக்கா, எனக்கும் அக்காதான். வாய் என்றால் அப்படி ஒரு வாய். தரகரே அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது வண்டியைக் கொஞ்சம் வேகமாக விடுவார்.

மலைப் பெண்கள் குழுக்களுக்கு உமி நீக்கும் மிசின் கொடுக்கிற திட்டம் ஒன்று வந்தது. மிசின் கொடுப்பார்கள், கட்டடமும் போட்டுத் தருவார்கள். இடம் மட்டும் ஊர் கொடுக்க வேண்டும். ஊர் இடம் என்றால் ஊர்க்கூட்டம். ஊர்க்கூட்டம் என்றால் ஆம்பளைகள்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம், கருமாதி, எல்லைச் சண்டை எதுவானாலும் எங்கள் ஊரில் கடைசி வார்த்தை அவருடையது. நாங்கள் ஓரமாக நின்றோம்.

"மிசினுன்னா ஆம்பள சமாச்சாரம். கரண்டு கீது, பெல்ட்டு கீது. பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு?" என்றார் கவுண்டர்.

பின்வரிசையில் சில இளவட்டங்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "எங்க பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க. நாங்க ஓட்றோம். பொம்பளைங்க வந்து கூலிக்குப் பொடைக்கட்டும்" என்றான் ஒருவன். கூட்டத்தில் பல தலைகள் ஆடின.

அக்கா முன்னால் வந்தார். "பெரியப்பா, உங்கள ஒண்ணு கேக்கறேன். நீங்க என்னிக்காச்சும் உலக்க புடிச்சிருக்கீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கவுண்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆம்பள எவனாச்சும் உலக்க புடிப்பானா?"

"அதத்தான் நானும் சொல்றேன். இது உலக்கதான் பெரியப்பா. கரண்டுல குத்தற உலக்க. பொம்பள உலக்க புடிக்கறதுக்கு ஆம்பளைங்க இன்னா ரோசன பண்றது?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மிசின் கேட்ட இளவட்டம், உலக்கை கேட்டவனாக ஆகிவிடுவோமோ என்று தலையைக் குனிந்துகொண்டான். கவுண்டர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, "உலக்கன்னா சரி" என்றார். களத்துக்குப் பக்கத்தில், பலா மரத்தடியில் இடம் கிடைத்தது. அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும்போல இருந்தது எனக்கு.

மிசின் ஓட்டக் கற்றுக்கொள்ள வேலூர்ப் பக்கம் போய்ச் சில நாள் தங்க வேண்டும். குழுவில் யாரை வீட்டில் விடுவார்கள்? ராத்தங்குகிற வேலைக்கெல்லாம் அனுப்ப முடியாது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பாட்டு. அக்காவுக்கே அனுமதி கிடைக்கவில்லை. அவருடைய வாய் ஊரை மடக்கும், வீட்டுக்காரரை மடக்காது. என் வீட்டுக்காரர் மட்டும், "நானும் கூட வர்றேன். ஊர் வாய்க்கு அது போதும்" என்றார்.

வந்தார். நான் உள்ளே படிக்க, அவர் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி வாட்ச்மேனோடு படுத்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் டீக்கடையில் அவரைப் பிய்த்து எடுத்தார்கள், பொண்டாட்டிக்குக் காவல் போனவன் என்று. "அவ கத்துகினு வந்தா நான் குந்திகினு துன்னலாம் இல்ல?" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். கேலியை அப்படித் துண்டுபோல உதறிப் போட்டுவிட்டு நடக்க அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் மனசில் வைத்துப் புழுங்குகிறவள்.

மிசின் என்பது இரண்டு ரப்பர் உருளை. நடுவில் சாமை விழும். உருளைகளுக்கு இடைவெளி கூடினால் உமி போகாது, குறைந்தால் அரிசி நொறுங்கி நொய்யாகும். ஈரம் இருக்கிற சாமைக்கு ஓர் அளவு, காய்ந்ததற்கு ஓர் அளவு. பழகிவிட்டால் சத்தமே சொல்லிக்கொடுத்துவிடும்.

திறப்பு விழா அன்று அக்கா தன் வீட்டு உலக்கையைக் கொண்டுவந்தார். கருங்காலி உலக்கை, அடியில் பூண் தேய்ந்துபோனது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மிசினுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பூசையை மிசினுக்குச் செய்யவில்லை, உலக்கைக்குத்தான் செய்தோம். ஊரில் சொன்ன சொல்லுக்கு ஒரு சாட்சி இருக்கட்டும் என்றார் அக்கா. நாங்கள் குலவை போட்டோம். ஆம்பளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள், உள்ளே வர வெட்கப்பட்டார்கள். அது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

முதல் அரிசி கொட்டியபோது எங்களில் ஒருத்தி இரண்டு கையையும் கீழே நீட்டி வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். நகரச் சொல்லியும் நகரவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, பிறகு எங்களுக்கும்.

தொழில் பிடித்துக்கொண்டது. படவேட்டில் கோயில் பக்கம் கடை வைத்திருக்கிறவர் ஒருவர் எங்கள் சாமையைக் கேட்டு வாங்கினார். சாமி கும்பிட வருகிறவர்கள் மலைச் சாமை என்றால் ஆசையாக வாங்குகிறார்கள் என்றார். என் கொழுந்தன் ஒரு குட்டியானை வண்டி வைத்து மலைக்கும் கீழுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். மூட்டைகளை அவர்தான் இறக்கிக்கொடுப்பார். என் கையில் என் பணம் என்று முதல்முதலாக வந்தபோது, மகளுக்குப் பை வாங்கினேன், வீட்டுக்காரருக்கு ஒரு நீலச் சட்டை வாங்கினேன். "மொதலாளியம்மா எட்த்துக் குடுத்தது" என்று அதைப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே டீக்கடை வழியாக இரண்டு தரம் போய்வந்தார்.

உலக்கைக்கு எங்கள் மலையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. அமாவாசைக்கு உலக்கை எடுக்கக் கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண் அதைத் தொடக் கூடாது. ஊரில் சாவு விழுந்தால், காரியம் முடிகிறவரைக்கும் எந்த வீட்டிலும் உலக்கைச் சத்தம் கேட்கக் கூடாது. புருஷனை இழந்தவள் வருஷம் திரும்புகிறவரை உலக்கை தொடக் கூடாது, அவள் வீட்டுக்கு மற்றவர்கள் குத்திக்கொடுப்பார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதனால்தான் யோசிக்கவே இல்லை.

முதல் அமாவாசை வந்தது. "இன்னிக்கி உலக்க எடுக்கக் கூடாதே" என்று கவுண்டர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார். சரி, ஒருநாள் லீவு கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே சாத்தினோம்.

அடுத்து எங்கள் தூர நாட்கள். மிசினைத் திருகி இடைவெளி வைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் ஒதுங்கினால் மில் ஒதுங்கும். ஊருக்கே தெரிந்துவிடும். "இன்னாம்மா, இன்னிக்கி மில்லு ஓடல?" என்று டீக்கடைக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்பார். காரணம் தெரிந்துதான் கேட்கிறார். அந்த டீயை எடுத்து அவர் மூஞ்சியில் வீச வேண்டும்போல இருக்கும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களுக்கு மோட்டார் சத்தம் என்றாலே பயம். அக்கா சுவிட்சைப் போடுவார், இடைவெளியைத் தொட மாட்டார். "உடைச்சுட்டேன்னா உன் கொழுந்தனா வந்து ஒட்டவைப்பான்?" என்பார்.

பிறகு சாவு. ஆடி மாசம், படவேட்டில் கோயில் கூட்டம் நெரிகிற சமயம். கடைக்காரர் நிறையக் கேட்டிருந்தார். அந்த வாரம் மேல்தெருவில் ஒரு சாவு. காரியம் முடிகிறவரை மில்லைச் சாத்திவிட்டோம். ஊர் ஊராகக் கட்டடம் கட்டப் போய்விட்ட பிள்ளைகள் வந்துசேர வேண்டும், அதனால் காரியமும் தள்ளிப்போனது. நான் கீழே இறங்கிப்போய்க் கடைக்காரரிடம் நின்றேன். "எவனோ செத்ததுக்குக் கடைய சாத்தணும்னா நான் வருசம் பூரா சாத்திகினு கெடக்கணும்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணியம்பாடிப் பக்கமிருந்து வேறு யாரோ கொண்டுவந்த சாமை ஏற்கெனவே அவர் கடையில் இறங்கியிருந்தது.

திரும்பி வரும்போது எங்கள் ஊர் ரோட்டோரத்து மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. அடிவாரத்திலிருந்து வந்த ஒருவர் நடத்துவது, கேழ்வரகும் மிளகாயும் அரைப்பார்கள். நேராகக் கவுண்டரிடம் போனேன்.

"அந்த மில்லு ஓடுதே மாமா?"

"அது மிசினும்மா" என்றார். "உங்களுது உலக்க. நீங்கதான சொன்னீங்க?"

அதில் குத்தலே இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

மாசியில் புளி உலுக்குகிற சமயம். என் வீட்டுக்காரர் எங்கள் மேட்டுக்கொல்லை மரத்தில் ஏறியிருந்தார். வருஷா வருஷம் ஏறுகிற மரம். எந்தக் கிளை தாங்கும், எது தாங்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கிளை முறிந்தது. ஆள் வந்து சொன்னபோது நான் மில்லில் இருந்தேன். ஓடினேன். பேச்சு இருந்தது, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. ஆம்புலன்ஸ் மேலே வந்துசேரத் தாமதமாகும் என்றார்கள். கொழுந்தனின் குட்டியானையில் கோணி விரித்துப் படுக்கவைத்தோம். நான் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அவருக்கு வலி கூடியது. ஒரு வளைவில் கண்ணைத் திறந்து, "மோட்டார நிறுத்திட்டு வந்தியாம்மே?" என்று கேட்டார். நான் நிறுத்தியிருக்கவில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். அடிவாரம் வருவதற்குள் போய்விட்டார்.

அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

காரியம் முடிந்த பிறகு ஊர்க்கூட்டம் கூடியது. நான் கேட்காமலேயே என்னைப் பற்றிப் பேச. கவுண்டர் கனிவாகத்தான் ஆரம்பித்தார். "வருசம் திரும்பட்டும்மா. அதுவரிக்கும் உலக்கையத் தொட வேணாம். ஊருக்கு ஆவாது."

நான் விடவில்லை. "அது மிசின் மாமா. சுவிட்சு போட்டா ஓடும். நான் போட்டாலும் ஓடும், நீங்க போட்டாலும் ஓடும். எனக்கு ஒரு பொண்ணு கீது. நான் இன்னாத்த வெச்சி அவளப் படிக்க வைக்கறது?"

கவுண்டர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. அன்னிக்கி இன்னான்னு சொன்ன?"

அக்கா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் அதே இளவட்டங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிசின் என்று அவர் வாயிலிருந்து வந்தால் போதும், எழுந்துவிடுவார்கள். அது எனக்கும் புரிந்தது. இருந்தும் அவர் எனக்காகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"உலக்கதான் பெரியப்பா" என்றார் அக்கா.

அவரை அந்த நிமிஷம் வெறுத்தேன். புருஷன் செத்ததற்கு வந்த அழுகையைவிட அப்போது வந்தது பெரிதாக இருந்தது.

மில் பூட்டிக் கிடந்தது. தரகர் பழையபடி ஏறி வந்தார். குழுப் பெண்கள் பழையபடி குத்தினார்கள். என் வீட்டுக்கும் குத்திக்கொடுத்தார்கள், அந்த விஷயத்தில் யாரும் குறை வைக்கவில்லை. அப்போது கொழுந்தன் வந்து நின்றார். "அண்ணி, நீங்க வெளிய குந்திகினு சொல்லுங்க. நான் ஓட்றேன். உங்க வருசம் திரும்பறவரிக்கும்தான்."

ஊரில் இரண்டு நாள் அவரை உலக்கைக்காரன் என்று கேலி செய்தார்கள். அவருக்கு அண்ணனைப்போலத் துண்டை உதறத் தெரியாது, வெட்கம் பிடுங்கித் தின்றது. "மொதல்ல அந்த உலக்கைய எட்த்து வெளிய போடுங்க" என்றார். கவுண்டரும் அதுதான் சரி என்றார். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் போனார். தொடக் கூடாத உலக்கை என் வீட்டிலேயே வந்து நின்றது.

நான் பலா மரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். "கொஞ்சம் இறுக்குங்க... போதும்... சத்தம் கேக்குது பாருங்க, கீச்சுங்குது, நொறுங்குது, தளத்துங்க." உள்ளே போகாமலேயே அவருக்கு எல்லாம் வந்துவிட்டது. புத்திசாலி. ஆடி அமாவாசைக்கு மில் ஓடியது. யாரும் ஆள் அனுப்பவில்லை. கீழ்த்தெருவில் ஒரு சாவு விழுந்தபோது பிணம் எடுக்கிறவரை சாத்தினார், எடுத்ததும் திறந்தார். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரிந்தது.

வருஷம் திரும்பியது. தெவசம் முடிந்த மறுநாள் தலை முழுகி, அக்கா எடுத்துக் கொடுத்தனுப்பிய புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தது. அதில் கொழுந்தன் மகனின் பேர். மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். அவர் எழுந்து நின்று, "வாங்கண்ணி" என்றார்.

"சாவியக் குடுங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "இப்பதான் ஆளுங்க பழகிகினு வராங்க அண்ணி. கீழ ரெண்டு கடைக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். நீங்க எதுக்கு இந்தத் தூசில... பொடைக்கற எடத்துல ஆள் பத்தல, அங்க வாங்க. உங்களுக்குக் கூலி கூடவே போட்டுத் தர்றேன்."

கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் போன பிறகு மகளை விடுதியில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான், லீவுக்குக் கூட்டிவருவதும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் கத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை. போய்ப் புடைக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். முறத்தைக் கையில் எடுத்தேன்.

எனக்குப் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி எழுந்து, தனக்குத் தூரம், வீட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். கொழுந்தன் காதில் விழுந்துவிட்டது. கீழே அனுப்ப வேண்டிய மூட்டைகள் காத்திருந்தன. "மிசினுக்கு இன்னாம்மா தீட்டு? சும்மா குந்து" என்றார் சிரித்துக்கொண்டே.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நிம்மதிகூட. எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு எங்களுக்காக ஊரில் ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?

அன்று சாயங்காலமே கவுண்டரிடம் போய், இப்போது மட்டும் தீட்டு இல்லையா என்று கேட்டேன். "ஆம்பள ஓட்டறான். அப்போ அது உலக்க ஆவுமா? மிசினுதான்" என்றார்.

"நான் ஓட்டினப்போ?"

"அப்போ உலக்க."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா அதற்குப் பிறகுதான் என்னோடு பேச என் வீட்டுக்கு வந்தார். வந்து கதவோரம் உட்கார்ந்தார். "அன்னிக்கி மிசினுன்னு சொல்லியிருந்தேன்னா அன்னிக்கே புடுங்கிகினு போயிருப்பானுங்க. ஒரு வருசம் தள்ளிப் பாக்கலாம்னு நெனச்சேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். வெறுப்பு அப்படியே வடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு மெல்ல விஷயத்துக்கு வந்தார். மறுபடி ஒரு திட்டம் வருகிறதாம். சாமையை மாவாக்கிப் பாக்கெட் போடுகிற சின்ன மிசின். மறுபடி இடம் வேண்டும். மறுபடி ஊர்க்கூட்டம்.

"கூட்டத்துல இத்த இன்னான்னு சொல்றது?" என்று கேட்டார் அக்கா.

ஊரையே மடக்கிய வாய் என்னைக் கேட்டது. நான் யோசித்தேன். உலக்கை என்றால் அமாவாசை, தீட்டு, சாவு, தாலி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மிசின் என்றால் ஆம்பளை வந்து உட்கார்ந்துகொள்வான். வேறு என்னவென்று சொல்வது? எங்கள் பாஷையில் மூன்றாவதாக ஒரு சாமான் இல்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அக்கா எழுந்து போனார். அந்தத் திட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து யாரும் கேட்கவில்லை.

போன மாசம் கீழ்த்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கேரளாவில் வேலை செய்கிற மகன் வருவதற்காகப் பிணம் வாசலில் காத்திருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேளத்தோடு சேர்ந்து மோட்டார் சத்தமும் கேட்டது. அவசர ஆர்டராம். பிணம் எடுப்பதற்கு முன்னாலேயே கொழுந்தன் மில்லைத் திறந்துவிட்டார். இப்போது அதற்கும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

என் வீட்டில் அரைமூட்டை சாமை இருந்தது. எல்லோரையும்போல மில்லுக்கு எடுத்துப்போய், கூலி கொடுத்து உமி நீக்கி வர வேண்டியது. நான் சுவரில் சாய்ந்திருந்த உலக்கையை எடுத்தேன். அடியில் நாங்கள் பூசிய மஞ்சள் இன்னும் கறையாக ஒட்டியிருந்தது. வாசலில் உரலைக் கவிழ்த்துத் தட்டி, நிமிர்த்தி, சாமையைக் கொட்டினேன். குத்த ஆரம்பித்தேன். செத்துப்போன பெரியவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, நல்ல மனிதர். ஆனால் ஊரில் மோட்டார் ஓடலாம், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதை செய்ய வேண்டும் என்பதை அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அக்கா வந்தார். தடுக்கவில்லை, சுவரோரமாக நின்றார். கடைசியில் கவுண்டரே சாவு வீட்டிலிருந்து தோளில் துண்டோடு வேகமாக வந்தார். பின்னால் நாலைந்து ஆம்பளைகள்.

"பொணம் வாசல்ல கெடக்குது, உலக்க சத்தம் கேக்குது. உனக்கு இன்னா பைத்தியம் புடிச்சிருக்குதா?"

"மில்லு ஓடுதே மாமா."

"எத்தன வாட்டி சொல்றது? அது மிசினு."

"தெரியும் மாமா. இது உலக்க" என்றேன். "வேணும்னா வந்து வாங்கிகினு போங்க."

உலக்கையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய கையும் நீளவில்லை. நான் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு, உலக்கையை மறுபடி ஓங்கினேன்.